உங்கள் ஊரின் கதையை எழுதுங்கள்

யாழ்ப்பாணத்து ஊர்களிலே ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாட் கிரியையன்று வந்தோர்க்கெல்லாம் ஒரு சிறு நூல் வழங்குவது வழக்கம். கல்லிற் பொறிக்கப்படாததாயினும் அதனைக் 'கல்வெட்டு' என்றே நாம் அழைக்கின்றோம். இறந்தவர் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், கற்ற பாடசாலை, பார்த்த உத்தியோகம், மக்கள், மருமக்கள், பேரர் யாவும் அதில் அச்சேறியிருக்கும். ஒரு மனிதரின் வாழ்வு தடமின்றி மறைந்துவிடலாகாது என்னும் கவலை நம்மவரிடம் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மனிதருக்குக் கல்வெட்டு உண்டு. அவர் வாழ்ந்த ஊருக்கோ? ஊரும் பிறக்கிறது, வளர்கிறது, நோயுறுகிறது, சில வேளைகளில் இறந்தும் போகிறது. வலிகாமம் வடக்கிலே 1990 ஆம் ஆண்டில் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டவர்களுட் பலர், இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே தம் காணியிற் கால் வைத்தனர். சென்று பார்த்தபோது ஒழுங்கைகள் பற்றைக் காடாகிக் கிடந்தன. வேலி எங்கே, கிணறு எங்கே, எல்லைப் பனை எங்கே என்று முதியோரைக் கேட்டே அறியவேண்டியிருந்தது. அம்முதியோரும் இல்லாத நாளில் யாரைக் கேட்பது?

இக்கேள்விக்கு விடை, ஊரின் கதையை எழுதி வைப்பதேயாகும். இது பேராசிரியர்களுக்கு மட்டுமே உரிய வேலையென்று எண்ணித் தயங்குவோர் பலர். அத்தயக்கம் வேண்டாதது. பொறுமையும், நேர்மையும், ஒரு கொப்பியும் உடைய எவரும் இதனைச் செய்யலாம். அதற்குரிய வழிமுறைகளைச் சில தலைப்புகளில் ஈண்டுக் கூறுவோம்.

முன்னோர் நடந்த வழி

நம் நாட்டிலே இம்முயற்சி புதியதன்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் பற்றி அகரவரிசையில் ஓர் ஆங்கில நூலை 1834 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. புகைவண்டியும் இல்லை, தந்தியும் இல்லை; ஓரூரைப் பற்றி அறிய வேண்டுமானால் நடந்தோ மாட்டுவண்டியிலோ செல்லவேண்டும், அல்லது அவ்வூரவர்க்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கவேண்டும். அவரே பின்னர், 1859 இல், தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டித் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலாக்கினார். புலவர் சரிதங்களைத் தமிழிலே தொகுத்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886 இல் வெளிவந்தது. நமது காலத்துக்கு அண்மையில், பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' ஒரு பிரதேசத்தின் மொழி, வழக்கம், வழிபாடு, நாட்டுப் பாடல் ஆகியவற்றை ஒருங்கே தொகுத்துக் காட்டியது.

இவர்களெல்லாரும் செய்தது ஒன்றே: தம் கண்ணெதிரே இருந்ததும் நாளை இல்லாது போகக்கூடியதுமான செய்தியைத் தேடிச் சென்று, ஒழுங்குபடுத்தி, அச்சிலே நிறுத்தினார்கள்.

பொருளைக் குறுக்குக

எழுதப் புகுவோர் முதலிற் செய்யும் தவறு, பொருளை மிக விரித்துக்கொள்ளுதல். 'ஆதிகாலம் முதல் இன்று வரை எமது ஊர்' என்று தலைப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஆதிகாலத்துக்குச் சான்றும் கிடையாது. இன்று வரை வந்து சேரக் காலமும் போதாது. ஆகவே ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்க. நம்மூர்க் குளத்தை யார் வெட்டினார், யார் பேணினார், அது எப்பொழுது தூர்ந்தது? நம்மூர்ப் பாடசாலை எவ்வாறு தொடங்கியது, முதன்முதலிற் படித்த பிள்ளைகள் யார்? நம்மூரிலே சுருட்டுத் தொழில், பாய் இழைத்தல், சாயம் போடுதல், வள்ளம் கட்டுதல் ஆகியவற்றுள் எது இருந்தது, ஏன் மறைந்தது?

இத்தகைய கேள்வி ஒன்றைப் பற்றிச் சென்றால், ஊரின் முழுக்கதையும் அதனோடு சேர்ந்து வருவதைக் காண்பீர்கள். ஒரு கிணற்றின் வரலாற்றை மட்டும் எழுதத் தொடங்கியவன், அதில் நீர் அள்ளியவர் யார், அள்ள விடப்படாதவர் யார், துலா மிதித்தவர் யார், நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா மிதித்தவர் எங்கே சென்றனர் என்பனவற்றை எல்லாம் எழுதாமல் முடிக்க இயலாது. சிறு வாயில் வழியே பெரிய வீட்டினுட் புகலாம்.

சான்றுகள் கிடைக்குமிடம்

'எங்கள் ஊரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை' என்பார், தம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாராதவர். அங்கே காணி உறுதிகள் இருக்கும். உறுதியைப் போற் பேசும் ஏடு பிறிதில்லை. காணியின் பழைய பெயர், பரப்பும் குழியும், நான்கு எல்லைகளிலும் இருந்தவர் பெயர், அதிலே நின்ற பனை, வடலி, பங்குக் கிணறு, வழிவாய்க்கால் யாவும் அதிற் கூறப்படும். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் கணக்கைத் தெரிந்துகொண்டு, ஒரே காணியின் உறுதிகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால், நிலம் எவ்வாறு துண்டு துண்டாகப் பிரிந்தது என்பது கண்முன் தெரியும். சீதன உறுதிகளை ஒருபோதும் தவறவிடாதீர்கள். ஆடவர் எழுதிய வரலாறுகளிலே பெண்களின் பெயர் அரிதாகவே வரும். தேசவழமை வழங்கும் நம் நாட்டிலோ, காணிக்கு உரியவளாக ஒரு பெண்ணின் பெயர் சீதன உறுதியிலே தெளிவாக நிற்கும்.

அடுத்து, மேலே கூறிய நினைவுக் கல்வெட்டுகள். ஐம்பது கல்வெட்டுகளைச் சேர்த்துப் படித்தால், ஊரவர் எந்தத் தலைமுறையில் மலாயாவுக்குச் சென்றனர், எந்தத் தலைமுறையிற் கொழும்புக்குச் சென்றனர், எப்பொழுது கடல் கடந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர் என்பதை அறிந்துவிடலாம். ஆலயக் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை மலர்கள், வாசிகசாலைக் கூட்ட அறிக்கைகள், சங்கக் கடைக் கணக்குகள், கோயில் மணியிலும் தேரிலும் பொறித்த உபயகாரர் பெயர்கள் ஆகியனவும் சான்றுகளே. பாடசாலைச் சேர்விடாப்பில் ஒரு பிள்ளையின் பெயரோடு தந்தையின் தொழிலும் எழுதப்பட்டிருந்தால், அது ஊரின் தொழில் வரலாறாகும்.

ஊருக்கு வெளியே செல்வோமானால், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்து ஏடுகளும் ஆங்கிலேயர் காலத்து நிருவாக அறிக்கைகளும் பேணப்படுகின்றன. நம் நாட்டில் முறையான முதற் குடிசன மதிப்பு 1871 இல் எடுக்கப்பட்டது. அதன்பின் வந்த அறிக்கைகளை ஒப்புநோக்கினால் மக்கள் பெருகியதும் குறைந்ததும் விளங்கும். ஆயினும் ஓர் இடைவெளியை நினைவிற் கொள்க: 1981 இன் பின் வடபகுதி முழுவதையும் உள்ளடக்கிய மதிப்பு 2012 வரை நடைபெறவில்லை. அந்த முப்பத்தோராண்டு காலத்துக்கு அரசாங்க எண் நமக்குத் துணை வாராது. மக்களின் வாய்மொழியே துணையாகும். பழைய பத்திரிகைகளையும் மறவற்க. 1841 இல் தொடங்கிய 'உதயதாரகை', 1889 இல் தொடங்கிய 'இந்து சாதனம்' முதலியவற்றின் பழைய இதழ்களில் ஊர்ச் செய்திகள் பல புதைந்து கிடக்கின்றன.

இன்று மாணவர்க்கு வாய்த்திருக்கும் வசதி முன்னோர்க்கு வாய்க்காதது. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில், ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள், நினைவுக் கல்வெட்டுகள் ஆகியன ஆயிரக்கணக்கிற் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. கட்டணமின்றி வீட்டிலிருந்தே வாசிக்கலாம்.

முதியோரை வினவும் முறை

ஏடுகளிலும் விரைவாக அழிவது மனித ஞாபகம். ஆதலின் எண்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் முதலிற் செல்க. ஏடுகளைப் பின்னர்ப் பார்க்கலாம்.

செல்லும்போது நேரங் கேட்டுச் செல்க. எதற்காக வந்தோம், எங்கே எழுதுவோம் என்பதை வெளிப்படையாகக் கூறி, அவர் சம்மதத்தைப் பெற்ற பின்னரே கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்குக. 'அந்தக் காலம் மிக நல்ல காலம்தானே, அப்பு?' என்று கேட்டால், அவரும் 'ஓம் தம்பி' என்றே சொல்வார். அது கேள்வியன்று, விடையை நாமே ஊட்டுதல். 'அப்பு, விடியக் காலமை எழும்பினால் முதல் என்ன வேலை?' என்று கேட்டுப் பாருங்கள். பட்டி திறந்ததும், இறைப்புக்குப் போனதும், பழஞ்சோற்றுத் தண்ணீர் குடித்ததும், பள்ளிக்கூடம் போக மாட்டேனென்று அழுததும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். செயலைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும்; பெருமையைப் பற்றிக் கேட்டாற் பெருமையே வரும்.

அப்புவை மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். குசினிப் பக்கம் இருக்கும் ஆச்சியையும் கேளுங்கள். பஞ்ச காலத்தில் என்ன சமைத்தார்கள், பிள்ளைப்பேற்றுக்கு யார் வந்தார், அம்மை நோய் கண்டால் என்ன செய்தார்கள், சீட்டுப் பிடித்து எப்படிக் கல்யாணம் ஒப்பேற்றினார்கள் என்பனவற்றை அவரன்றி எவரும் அறியார். ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் கூறியவர் பெயர், வயது, கூறிய நாள், இடம் ஆகியவற்றை எழுதுக. அவர் சொன்ன சொல்லையே எழுதுக. உங்கள் சொல்லாக மாற்றற்க. வழக்கொழிந்த கருவிகளின் பெயரும் நிலங்களின் பெயரும் அச்சொற்களிலேதான் உயிரோடிருக்கின்றன.

ஆண்டைத் துணிதல்

முதியோர் ஆண்டைச் சொல்வதில்லை, நிகழ்ச்சியைச் சொல்வர். 'மலேரியாக் காய்ச்சல் வந்த காலம்' என்றால் அது 1934, 1935 ஆம் ஆண்டுகளாகலாம். 'யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்' என்றால் 1942. அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் கொழும்பிலும், 9 ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. வடக்கிலே 'பெரும்புயல்' என்பது பெரும்பாலும் 1964 டிசெம்பர்ப் புயலைக் குறிக்கும். மட்டக்களப்பிலோ அது 1978 நவம்பர் 23 ஆம் நாட் புயலாகும். ஆகவே சொல்லியவர் எவ்வூரவர் என்பதை அறியாமல் ஆண்டைத் துணியலாகாது. இவ்வாறான நிகழ்ச்சிகளை ஒரு பட்டியலாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, 'புயலுக்கு முன்னரோ பின்னரோ?' என்று கேட்டால் விடை தெளிவாகும்.

தமிழாண்டுப் பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். கோயில் மணியொன்றிற் 'பிரபவ வருடம்' என்று மட்டும் பொறித்திருந்தால், அது 1867 ஆகலாம், 1927 ஆகலாம், 1987 உம் ஆகலாம். அறுபதாண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பி வருதலே காரணம். உபயகாரர் பெயரை உறுதிகளோடு ஒப்பிட்டே எந்தச் சுற்று என்பதைத் துணியவேண்டும். மேலும், தமிழாண்டு சித்திரையிலே தொடங்குவதால், 1927 இற் பிறந்த பிரபவ ஆண்டின் தை மாதம் 1928 சனவரியிலே வரும்.

ஐயுறுவதும் மரியாதையே

முன்னோர் எழுதியதை ஐயுறுவது குற்றமென்று சிலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை' நம் நாட்டு வரலாற்றுக்கு ஒரு செல்வம். ஆனால் அந்நூல், மன்னாரிலே மதம் மாறியோரைக் கொல்வித்த அரசனும், இறுதியிற் பறங்கியரிடம் அகப்பட்ட அரசனும் சங்கிலி என்னும் ஒருவனே என்று கூறும். போர்த்துக்கேயர் எழுதி வைத்தவற்றைப் பார்த்தால், மன்னாரில் நிகழ்ந்த கொலை 1544 ஆம் ஆண்டிலாகும். யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததோ 1619 ஆம் ஆண்டில். இடையே எழுபத்தைந்து ஆண்டுகள். ஒரே மனிதன் அத்தனை காலம் அரியணையில் இருந்து, அதன் பின்னும் போர்க்களத்துக்குச் சென்றிருப்பானா? ஆகவே சங்கிலி என்னும் பெயருடையார் இருவர் என ஆராய்ச்சியாளர் துணிந்தனர். சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் எழுதிய 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' இத்தகைய ஒப்புநோக்குதலுக்கு நல்ல முன்மாதிரி.

இதனாற் புலவரின் பெருமை குறைந்துவிடவில்லை. அவர் கேட்டதை எழுதினார். நாம் கேட்டதையும் கண்டதையும் வைத்து எண்ணுகின்றோம். போர்த்துக்கேயர் எழுதியதும் பக்கச் சார்பற்றதன்று என்பதையும் கூடவே நினைக்கவேண்டும். வென்றவன் எழுதிய ஏட்டில் ஆண்டு சரியாக இருக்கலாம். காரணம் சரியாக இருக்கவேண்டுமென்பதில்லை. ஒரு செய்திக்கு ஒருவரையொருவர் சாராத இரு சான்றுகள் கிடைத்தால் உறுதியாக எழுதுக. ஒன்றே கிடைத்தால், 'இன்னார் கூறுகிறார்' என்று எழுதுக. ஒன்றும் கிடையாவிட்டால் எழுதாதிருத்தலே நன்று.

எழுதும் நடை

'எமது ஊர் தொன்மையும் பெருமையும் வாய்ந்த ஊராகும்' என்று தொடங்கும் ஊர் வரலாறுகள் எண்ணில. ஊரின் பெயரை மாற்றிவிட்டால் அவ்வசனம் எவ்வூருக்கும் பொருந்தும். எவ்வூருக்கும் பொருந்தும் வசனம் எவ்வூரையும் பற்றியதன்று. அதனை வெட்டிவிட்டு, உங்கள் ஊருக்கு மட்டுமே பொருந்தும் ஒன்றைக் கொண்டு தொடங்குங்கள்: சந்தையிலே மீன் விற்குமிடம் ஏன் ஆலமரத்தின் மேற்குப் பக்கத்தில் அமைந்தது, பாடசாலைக் கிணறு யார் கொடுத்த காணியிலே உள்ளது என்பன போன்றவை.

அடைமொழிகளைக் குறைத்து, எண்களையும் பெயர்களையும் கூட்டுக. 'பெருந்தொகையான மக்கள்' என்பதினும் 'நாற்பது குடும்பம்' என்பது வலிமையுடையது. நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுதினால், மூன்று மாதத்தில் ஒரு சிறு நூலுக்கு வேண்டியது சேர்ந்துவிடும். எல்லாச் செய்தியும் கிடைத்த பின்னரே எழுதுவேன் என்று காத்திருப்பவர் ஒருநாளும் எழுதார். எழுதும்போதுதான் எது கிடைக்கவில்லை என்பது தெரியவரும்.

பிறர் நூலிலிருந்து எடுத்த செய்திக்கு அவர் பெயரைக் கூறுக. வசனத்தையே எடுத்தால் மேற்கோட்குறி இடுக. கேட்ட கதைக்குக் கதை சொன்னவரின் பெயரைக் கூறுக. பெயரைக் கூறுவதால் நூலாசிரியரின் மதிப்புக் குறையாது. இவர் எங்கிருந்து எடுத்தார் என்பதைப் பின்வருவோர் சென்று பார்ப்பதற்கு அதுவே வழி.

ஒருவரையும் விடாதீர்

ஊர் வரலாறு என்பது நான்கு பெரிய வீட்டாரின் புகழ்மாலையன்று. கோயிலைக் கட்டுவித்தவர் பெயர் கல்லிலே உண்டு. கல்லைச் சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. அதனைத் தேடி எழுதுவதே நம் கடன். சாதியின் பெயரால் கோயில் வாயிலிலும் தேநீர்க் கடையிலும் தடுக்கப்பட்டவர்களின் வரலாறு நம் ஊர்களின் வரலாறேயாகும். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழவேண்டியிருந்தது. இவற்றை மறைத்து எழுதும் நூலை நம் பேரர் வாசிக்கும்போது, மறைத்தவற்றையும் அறிந்துகொள்வர். மறைத்தவர் யாரென்பதையும் அறிந்துகொள்வர்.

ஊரை விட்டுச் சென்றவரும் ஊரவரே. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களைக் குறிப்பிடாமல், யாழ்ப்பாண நகரத்தின் ஒரு தெருவைப் பற்றியும் முழுமையாக எழுத முடியாது. கடைகளும் பள்ளிவாசலும் பாடசாலையும் அவர்களுடைய ஞாபகத்தில் இருக்கின்றன. புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ இருந்தாலும் சென்று கேட்கவேண்டும்.

ஆயினும் உண்மையை எழுதுவது வேறு. ஒரு குடும்பத்தின் புண்ணைக் கிளறுவது வேறு. உயிரோடிருப்பவரின் நோய், கடன், மணவாழ்க்கை ஆகியன ஊரின் வரலாற்றுக்கு வேண்டாதவை. இதை அறிவதனால் ஊரைப் பற்றி என்ன அறிகிறோம் என்று கேட்டுப் பார்த்து, ஒன்றுமில்லையாயின் விட்டுவிடுக.

அறிந்தார்க்குக் காட்டுக

எழுதி முடித்தவுடன் அச்சகத்துக்கு ஓடுதல் கூடாது. இவ்விடயத்தில் முந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட ஒரு பாடம் நமக்குண்டு. யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுக்குமாறு ஒல்லாந்த ஆளுநர் பணித்தபோது, இங்கே நெடுங்காலம் வாழ்ந்து திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அவற்றைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடித்தார். தொகுத்ததைத் தமிழிலே பெயர்ப்பித்து, பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்தனர். அவர்கள் வாசித்துப் பார்த்துச் சரியென ஒப்பிய பின்னரே அது ஏற்கப்பட்டது. அதுவே தேசவழமை, இன்றும் நீதிமன்றிலே எடுத்தாளப்படுகிறது.

பன்னிருவர் வேண்டியதில்லை, மூவர் போதும். ஊரை நன்கறிந்த முதியவர் ஒருவர், ஊரை அறியாத வாசகர் ஒருவர், உங்கள் கருத்தோடு மாறுபடும் ஒருவர். முதலாமவர் பிழையைத் திருத்துவார். இரண்டாமவர் விளங்காத இடத்தைக் காட்டுவார். மூன்றாமவர் நீங்கள் விட்டுவிட்டதைக் காட்டுவார். அவர் கோபித்தாலும் நன்றி கூறுக.

அச்சேற்றுதல்

நம் நாட்டிலே இத்தகைய நூல்களைப் பெரும்பாலும் ஆசிரியரே தம் செலவில் வெளியிடுகிறார். ஆதலின் அச்சு வேலையின் கணக்கைச் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும். அச்சகத்தார் நூலைப் பாரம் பாரமாகக் கணக்கிடுவர். பதினாறு பக்கம் ஒரு பாரமாயின், 96 பக்க நூல் ஆறு பாரம். நூறு பக்கமாக்கினால், நான்கு பக்கத்துக்காக இன்னொரு பாரத்தைத் தொடவேண்டி வரும். ஆகவே பக்கங்களை முன்னரே எண்ணி அமைத்துக்கொள்க. இரண்டு மூன்று அச்சகங்களிலே விலை கேட்டு, தாளின் தரத்தையும் கட்டும் முறையையும் எழுத்திலே பெற்றுக்கொள்க. படி திருத்தும் வேலையை ஆசிரியர் தாமே செய்து, பின் வேறொருவரைக் கொண்டும் செய்விக்கவேண்டும். எழுதியவன் கண்ணுக்கு, எழுதியது தெரியாது. எழுத நினைத்ததே தெரியும். பெயர்களையும் ஆண்டுகளையும் கையெழுத்துப் பிரதியோடு ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துச் சரிபிழை காண்க.

நூலின் உள்ளட்டையில் ஆசிரியர் பெயர், பதிப்பித்த ஆண்டு, இடம், அச்சகம் ஆகியவற்றைத் தவறாது இடுக. ஆண்டில்லாத ஊர் வரலாறுகள் எத்தனையோ உள. இன்னோர் ஆராய்ச்சியாளன் அதற்கே தனி ஆராய்ச்சி செய்யவேண்டியுள்ளது. நூலுக்குரிய சர்வதேச நியம இலக்கத்தைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. இலங்கை நூல்களின் இலக்கத்தில் 978 ஐ அடுத்து 955 அல்லது 624 வருவதைக் காணலாம். அச்சிட்ட நூலின் பிரதிகளை அரசாங்கத்துக்கு ஒப்படைத்தல் 1885 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தால் வந்த கடமை. பிறர் எடுத்த படங்களையும் பிறர் எழுத்தையும் சேர்ப்பதாயின் உரியவரின் அனுமதியைப் பெறுக; 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்துரிமை ஆசிரியரின் ஆயுட்காலத்தோடும் அதன்பின் எழுபதாண்டோடும் நிலைப்பது.

வெளியீட்டு விழாவிலே முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வழங்குவது நல்ல வழக்கமே. அச்சுக்கூலியின் ஒரு பகுதியும் அன்றே கைக்கு வந்துவிடும். ஆனால் மாலையும் பொன்னாடையும் முடிந்தபின், எஞ்சிய பிரதிகள் கட்டிலின் கீழே கட்டுக்கட்டாகக் கிடக்குமாயின் நூல் வெளிவந்ததாகக் கூற முடியாது.

ஒன்றைப் பலவாக்குக

இறுதியாகக் கூறுவதே தலையாயது. 1981 மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறிடங்களிலும் பிரதியுள்ள நூல்களை மீண்டும் தேடி வாங்க முடிந்தது. கட்டடமும் மீளவும் எழுந்தது. ஒரே பிரதியாய் இருந்த ஏடுகளும் கையெழுத்துச் சுவடிகளுமோ போனது போனதுதான். அவற்றுக்கு ஈடு இவ்வுலகில் இல்லை.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கைபட்டவுடனே முறிந்து உதிரும் ஏடுகளைக் கண்டு வருந்தி எழுதினார். அவருக்குப் பகை செல்லும் பூச்சியும் காலமுமே. நமக்கோ தீயும் போரும் இடப்பெயர்வும் சேர்ந்துகொண்டன. ஆகையால், எழுதியதை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். யாழ்ப்பாணப் பொதுநூலகம், பல்கலைக்கழக நூலகங்கள், தேசிய நூலகம், உங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் ஆகியவற்றுக்குப் பிரதி கொடுங்கள். கடல் கடந்து வாழும் ஊரவர்க்கும் அனுப்புங்கள். எண்ணிம நூலகத்திற் சேர்க்க இசைவு கொடுங்கள். ஒலிப்பதிவுகளையும் கொப்பிகளையும் படியெடுத்து வேறு வேறு வீடுகளில் வையுங்கள்.

காலத்தையும் நம்பியிருக்க முடியாது. பழந்தமிழ் இசையைப் பல்லாண்டு ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் எழுதிய 'யாழ்நூல்' 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் நாள் அடிகள் மறைந்தார். இன்னும் ஒரு திருத்தம், இன்னும் ஓர் அதிகாரம் என்று அவர் பிற்போட்டிருந்தால், அந்நூலின் நிறைவான வடிவம் நமக்குக் கிடைத்திருக்குமோ என்பது ஐயமே.

மாணவர்களே, விடுமுறை நாள்கள் உங்களுக்கு உண்டு. பெற்றோரே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய முதியோர் வீடு உங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. ஒரு கொப்பியை எடுத்து, முதற்பக்கத்தில் ஊரின் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதுங்கள். அடுத்த பக்கத்திற் கேட்கவேண்டிய பத்துக் கேள்விகளை எழுதுங்கள். ஊரிலே மூத்தவர் யாரோ, அவரிடம் இவ்வாரமே செல்லுங்கள்.